மஞ்சள் கோடு போட்ட கார்

என் வீட்டுக்காரர் பெயர் நரசிம்மன். மணிமங்கலத்தில் வந்து நரசிம்மன் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள். "டபுள் செக் வீடு" என்று கேளுங்கள், நேரே என் வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். ஒரகடத்தில் கார்களுக்கு பிரேக் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக க்யூசி வேலை. அதாவது, இன்னொருத்தன் செய்து வைத்ததைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து "இது சரியில்லை" என்று சொல்வதற்குச் சம்பளம். அந்த வேலைக்கு இந்த மனுஷனைவிடப் பொருத்தமான ஆள் காஞ்சிபுரம் ஜில்லாவிலேயே கிடைக்க மாட்டான்.

அங்கே ஒரு பழக்கம் உண்டு. ஒரு போல்ட்டை முறையாக இறுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து அடிப்பாகம் வரை மஞ்சள் பெயின்ட்டில் ஒரே கோடாக இழுத்துவிடுவார்கள். பிறகு யாராவது அந்த போல்ட்டைத் திருப்பினால் கோடு இரண்டாக விலகி நிற்கும். கம்பெனி லைனில் இது நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. இவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். காஸ் ரெகுலேட்டரில் மஞ்சள் கோடு. தண்ணீர் மோட்டார் நட்டில் மஞ்சள் கோடு. தேங்காயெண்ணெய் பாட்டிலில் எண்ணெய் மட்டத்துக்கு ஒரு மஞ்சள் கோடு. அந்த எண்ணெயைத் தேய்ப்பது நானும் என் மகளும்தான், இதில் யாரைப் பிடித்துக் கொடுக்கப் போகிறார்? கேட்டால், "பாத்துக்கினா தப்பு ஒண்ணியும் இல்லியே" என்பார்.

பிறக்கும்போதே இப்படி இல்லை. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறேழு வருஷம் இருக்கும். லைனில் கூட வேலை பார்த்த நடேசன் என்கிற சிநேகிதர், "நான் பாத்துட்டேம்பா, நீ கையெழுத்து போடு" என்றாராம். இவரும் நம்பிப் போட்டார். அந்த லாட்டில் போன பாகங்கள் மொத்தமும் திரும்பி வந்தன. இவரைப் பன்னிரண்டு நாள் சஸ்பெண்ட் செய்தார்கள். நடேசன், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று கையை விரித்துவிட்டார். பன்னிரண்டு நாளும் இவர் கூடத்தில் படுத்து ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். பதின்மூன்றாம் நாள் எழுந்து வேலைக்குப் போனது வேறு ஆள். அது எனக்குத் தெரியும் என்பதால்தான் இத்தனை வருஷமும் பொறுத்துக்கொண்டேன். அந்தக் கார் வந்த பிறகுதான் என் பொறுமை போயிற்று.

தொண்ணூற்றெட்டாம் வருஷத்து வெள்ளைக் கார். எங்களுக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டித் தேய்த்தது. வந்த அன்றைக்கே பானட்டைத் திறந்துவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் கண்ணில் பட்ட நட்டு, போல்ட்டு எல்லாவற்றுக்கும் மஞ்சள் பொட்டு வைத்தார். எண்ணிப் பார்த்தேன், எழுபதுக்கு மேல் போனது, எண்ணுவதை விட்டுவிட்டேன். எந்த மெக்கானிக்கும் இவருக்குத் தெரியாமல் ஒரு ஸ்க்ரூவைத் தொட முடியாது.

எங்களுக்கு ஒரே மகள், பிரவீனா. மண்ணூரில் ஹேமந்த் என்கிற பையனுக்குக் கொடுத்தோம். குடோன் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அதிகம் பேசாத பிள்ளை. பேசாததே இவருக்குச் சந்தேகம். அந்தப் பிள்ளை எங்கள் காரை இரண்டு தடவை கேட்டு எடுத்துப் போனான். ஒன்று, பிரவீனாவை ஸ்கேனுக்கு அழைத்துப் போக. இன்னொன்று, அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு. இரண்டாவது தடவை வண்டி திரும்பி வந்த இரவு, இவர் என் காதருகே வந்து சொன்னார்:

"மண்ணூர் போய்ட்டு வர்றதுக்கு பெட்ரோல் முள்ளு இவ்ளோ எறங்காது ரத்னா."

"எறங்கினா இன்னா? வண்டி பழசு, குடிக்குது."

"வண்டி குடிக்குதா, வேற யாராச்சும் உறிஞ்சறாங்களான்னு பாக்கணும்."

எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். அப்போது பிரவீனாவுக்கு நாலாம் மாதம். ஏழாம் மாதம் மண்ணூரில் வளைகாப்பு போட்டு, கையோடு அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்து, பிரசவம் பார்த்து, மூன்றாம் மாதம் குழந்தையோடு அனுப்பிவைக்க வேண்டும். அவளுக்கு என்று அறையை வெள்ளையடித்து வைத்துவிட்டேன். அதற்குள் இந்த மனுஷன் மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு வார்த்தை விட்டால் போதும், என் மகள் என் வாசல்படி மிதிக்க மாட்டாள். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும், அது அவள் அப்பாவிடமிருந்து வந்தது. "பொண்ணு வூட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க" என்று கையைப் பிடித்துக் கேட்டேன். தலையாட்டினார்.

வாயைத் திறக்கவில்லை. டாங்க்கை மூடினார். பூட்டுப் போட்ட புது மூடி ஒன்றை வாங்கிவந்து மாட்டினார். அதற்கு உள்பக்கம் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ரப்பர் வளையம். மூடியின் நடுவே ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருந்தது. அது எதற்கு என்று யோசிக்கவில்லை. "இது வழியா எவனாச்சும் சர்க்கரத் தண்ணி விட்டா இன்னா பண்றது?" என்று சொல்லி சிலிக்கான் பசையை அழுத்தி அடைத்துவிட்டார். சாவி அரைஞாண் கயிற்றில் ஏறிவிட்டது.

அடுத்த வாரமே வண்டி நின்றது. படப்பை தாண்டி, நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு இழுப்பு இழுத்தது, அவ்வளவுதான். சாவியைத் திருப்பினால் மோட்டார் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. முக்கால் மணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்தோம். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிட்டது. அதன்பிறகு இதே கதை ஆறேழு தடவை. காய்கறி வாங்கப் பக்கத்தில் போனால் நிற்காது. அரை மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் ஓடினால் நிற்கும்.

படப்பையில் மாரிமுத்து என்று ஒரு மெக்கானிக், கோவில்பட்டிப் பக்கத்து ஆள். வண்டி அவர் ஷெட்டுக்குப் போகும்போதெல்லாம் நல்ல பிள்ளையாக ஓடியது. ப்ளக்கை மாற்றினார், பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். கடைசியில் சொன்னார்:

"அண்ணாச்சி, ஓட்டிப் பாத்தாத்தான் கண்டுபிடிக்க முடியும். ரெண்டு நாள் வண்டிய எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. அந்த டாங்க் சாவியையும் குடுங்க."

"ரெண்டு நாள் எதுக்கு? டாங்க் சாவி எதுக்கு?"

மாரிமுத்து இவரை ஒரு பார்வை பார்த்தார். "நான் என்ன குடிக்கவா போறேன்?" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். அன்றிலிருந்து மாரிமுத்துவும் இவருடைய சந்தேகப் பட்டியலில் சேர்ந்துவிட்டார்.

ஒரகடத்து பெட்ரோல் பங்க்கில் வேலை செய்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். அங்கே போனால் இவர் கீழே இறங்கி, மீட்டருக்கு நேரே போய் நின்று, ஜீரோ வருகிறதா என்று கண்கொட்டாமல் பார்ப்பார். மூடியைத் திறந்ததும் ஒரு நாள் அவள் சொன்னாள்: "சார், தொறந்தா உஸ்ஸுன்னு காத்து இழுக்குது, இன்னான்னு பாருங்க." இவர் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நீ பெட்ரோல போடும்மா" என்றார். வண்டியில் ஏறியதும் என்னிடம், "பாத்தியா, பேச்சு குடுத்து கவனத்த திருப்பறா" என்றார். நானும் "அப்படித்தான் இருக்கும்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வைகாசி மாதம் ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. காலையில் புளிசாதம், எலுமிச்சை சாதம் எல்லாம் வேனில் சொந்தக்காரர்களோடு முன்னால் போய்விட்டது. நாங்கள் இருவரும் காரில் போனோம். வழியில் ஒரகடத்தில் பெட்ரோல் போட்டோம். வண்டி எங்கேயும் நிற்கவில்லை. மண்ணூரில் எல்லாம் நன்றாக நடந்தது. சம்பந்தி சரோஜா தன் கையாலேயே முதல் வளையலைப் போட்டுவிட்டாள். இரண்டு கை நிறைய வளையலோடு பிரவீனா சிரித்ததைப் பார்த்து நான் அவளுக்குத் திருஷ்டி கழித்தேன். நாலரைக்கு ராகு காலம், அதற்குள் வீடு சேர வேண்டும் என்று மூன்று மணிக்குக் கிளம்பினோம். கொண்டுவந்து விட ஹேமந்தும் கூட வந்தான்.

வல்லம் தாண்டியதும் வண்டி இரண்டு இழுப்பு இழுத்தது. நின்றது.

கன்டெய்னர் லாரிகள் உரசுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன. நிழலுக்கு ஒரு மரமில்லை. ஹேமந்த் பிரவீனாவை இறக்கி, ஒரு கம்பெனி மதில் ஓரமாக நிற்க வைத்து, தன் கைக்குட்டையால் அவளுக்கு விசிறினான். இவர் பானட்டைத் தூக்கி மஞ்சள் கோடு ஒவ்வொன்றாகப் பார்த்தார். இத்தனை நாள் பெட்ரோல் போகிற வழியை மட்டுமே பார்த்தவர், அன்றைக்குத்தான் பேட்டரி பக்கம் வந்தார், கை நின்றது. டெர்மினல் நட்டில் கோடு இரண்டாக விலகியிருந்தது.

"மாப்ள. இத யாரு தொட்டது?"

ஹேமந்த் எட்டிப் பார்த்தான். "நான்தான் மாமா. ஸ்கேனுக்குப் போன அன்னிக்கி லூஸா இருந்துச்சு. டைட் பண்ணேன்."

"இன்னாத்துக்கு சொல்லல?"

"அதுல சொல்றதுக்கு இன்னா மாமா கீது?"

"தொட்டத சொல்லல. பெட்ரோல் கொறஞ்சதையும் சொல்லல. இன்னும் இன்னா இன்னா எடுத்தீங்கன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

மரியாதை குறையாமல், 'நீங்க' போட்டே சொன்னார். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. ஹேமந்த் முகம் செத்துப்போயிற்று. வாயைத் திறந்தான், மாமனார் என்று நினைத்தானோ என்னவோ, மூடிக்கொண்டான். பிரவீனா மதிலை விட்டு நகர்ந்து வந்தாள். வளையல் எல்லாம் சலசலத்தது.

"எம் புருசன் பெட்ரோல் திருடினாருன்னு சொல்றியாப்பா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி மனுஷன்.

"ஆட்டோ புடிங்க. நம்ம வூட்டுக்கே போய்டலாம்" என்றாள் ஹேமந்திடம். நம்ம வீடு என்று அவள் சொன்னது மண்ணூரை. நான் அவள் கையைப் பிடித்தேன், கெஞ்சினேன், ராகு காலத்தைச் சொல்லிக்கூடப் பயமுறுத்தினேன். "நீ ஒண்ணியும் பண்ணலம்மா, ஆனா நான் அந்த வூட்டுக்கு வரமாட்டேன். புள்ள எனக்கு மண்ணூர்லயே பொறக்கட்டும்" என்றாள். ஆட்டோ வந்தது, இருவரையும் ஏற்றிக்கொண்டு மண்ணூருக்கே திரும்பிப் போய்விட்டது.

அப்போது நான் இந்த மனுஷனைப் பார்த்து, கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக, "யோவ்" என்றேன். "யோவ், அந்தப் புள்ள திருடி இந்த ஓட்ட வண்டி நிக்குதா? காலையில வந்தோமே, அப்ப ஏன் நிக்கல?"

"காலையில ஒரகடத்துல பெட்ரோல் போட்டோம். அந்த பங்க் பெட்ரோல் சுத்தம். மத்த பங்க்ல கலப்படம்."

"அதே பெட்ரோல்தானே இப்பவும் உள்ள கீது?"

நானும் கோபத்தில் கேட்டேனே தவிர, கேட்ட பிறகுதான் அதையே யோசித்தேன். பெட்ரோல் போட்ட கையோடு போன பயணத்தில் ஒரு தடவைகூட வண்டி நின்றதில்லை. பெட்ரோல் போட வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும்? மூடியைத் திறக்க வேண்டும். திறந்தால் உஸ்ஸென்று காற்று இழுக்கிறது என்று அந்தப் பெண் சொன்னாளே.

நான் ஒரு கம்பெனி கேன்டீனில் சமைக்கிறவள். தினமும் காலையில் பதினைந்து கிலோ எண்ணெய் டின் உடைக்கிறேன். டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் கொஞ்சம் வரும், அப்புறம் நின்றுவிடும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால்தான் காற்று உள்ளே போய் எண்ணெய் வெளியே வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே யாருக்கும் இது தெரிந்துவிடும்.

"டாங்க்குக்குள்ள காத்து எது வழியா போகுது?" என்று கேட்டேன்.

"காத்து எதுக்கு?"

"எண்ணெ டின்ல ரெண்டாவது ஓட்ட எதுக்குப் போடறேன்?"

இவர் என்னையே பார்த்தார். பிறகு காரின் பின்பக்கத்தைப் பார்த்தார். அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தார். மூடியைத் திருகினார். உஸ்ஸ்ஸ் என்று நீளமாகக் காற்று இழுத்தது. லாரிச் சத்தத்திலும் எனக்கு நன்றாகக் கேட்டது. மூடியைச் சீட்டில் வைத்துவிட்டு சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

அப்போதும் நம்பவில்லை, பாருங்கள். என்னை வீட்டில் இறக்கிவிட்டு, மூடியை இறுக்கிப் பூட்டிக்கொண்டு ஒரகடம் ரோட்டில் தனியாக ஓட்டிப் பார்த்தார். நின்றது. திறந்தார், ஓடியது. மறுபடி மூடினார், மறுபடி நின்றது. மூன்று தடவை பார்த்தாராம். இருட்டிய பிறகு வந்து, ஊசியை வாங்கி, அந்தத் துளையிலிருந்த பசையைக் குடைந்து குடைந்து எடுத்தார். ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சந்தேகப்பட்டவர், தன் கையால் போட்டதை மட்டும் சந்தேகப்படவே இல்லை.

நான் பிரவீனாவுக்கு ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. விஷயத்தை வாய்ஸ் மெசேஜில் சொல்லி அனுப்பினேன். கேட்டதாக நீலக்குறி வந்தது, பதில் வரவில்லை. ஆறு நாள் அந்த வெள்ளையடித்த அறையைப் பெருக்கிப் பெருக்கி மூடினேன். எனக்கு இவர்மேல் இருந்த கோபத்துக்கு ஒரு வேளை சோறு ஒழுங்காகப் போடவில்லை. இவரும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, "மண்ணூர் போலாமா?" என்றார். போனோம். வண்டி நிற்கவில்லை.

சரோஜா சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். "வாங்கண்ணே, வாங்க அண்ணி. அன்னிக்கி வண்டி வெயில்ல நின்னு அவளுக்குத் தல சுத்திச்சாமே? திரும்பி கூட்டினு வந்துட்டேம்மான்னு ஹேமந்து சொன்னான். நல்லதாப் போச்சு." எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பிள்ளை நடந்ததில் ஒரு வார்த்தைகூடத் தன் அம்மாவிடம் சொல்லவில்லை. பிரவீனா உள் அறை வாசலில் நின்றிருந்தாள், அப்பாவைப் பார்க்கவில்லை.

"அப்புறம், கார்ல இன்னாதான் ரிப்பேரு? கண்டுபுட்ச்சீங்களா?" என்று சரோஜா கேட்டாள்.

இவர் வாயைத் திறப்பதற்குள் ஹேமந்தே சொன்னான்: "டாங்க் மூடி அடைச்சிக்கிச்சாம்மா. பழைய வண்டியில வர்றதுதான்."

தப்பித்தாயிற்று என்று எனக்கு மூச்சு வந்தது. 'ஆமாம்' என்று ஒரு தலையாட்டினால் முடிந்துவிடும். ஆட்டித் தொலையுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன்.

"அடைச்சிக்கல" என்றார் இவர். "நான் அடைச்சேன். மாப்ள பெட்ரோல் எடுக்கறாருன்னு சந்தேகப்பட்டு நான்தான் பூட்டு போட்டு அடைச்சேன். அன்னிக்கி ரோட்ல வெச்சி அவர திருடன்ற மாதிரி பேசிட்டேன். அதான் பொண்ணு திரும்பி வந்துட்டா. தப்பு எம்மேல." ஹேமந்த் பக்கம் திரும்பினார். "மாப்ள, என்ன மன்னிச்சிடுங்க."

சரோஜாவின் சிரிப்பு போய்விட்டது. சமையலறைக்குள் போனாள். உள்ளே ஒரு பாத்திரம் தடாலென்று விழுந்தது, அல்லது வைத்தாள். கொஞ்சநேரம் கழித்துக் காபியோடு வந்தாள். எனக்குக் கையில் கொடுத்தாள். இவருக்குக் கொடுக்கவில்லை, ஸ்டூலில் வைத்தாள். "எம் புள்ள சோத்துக்கு இல்லாதவன் இல்லண்ணே" என்றாள். இவர் தலை நிமிரவில்லை. "அவ உங்க பொண்ணு. வர்றதும் வராததும் அவ இஷ்டம்."

பிரவீனா புருஷனைப் பார்த்தாள். அவன், "போய்ட்டு வா" என்றான். அவள் உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து எங்கள் முன்னால் வைத்தாள். "வர்றேன். ஆனா வண்டிய அவருதான் ஓட்டணும்" என்றாள். எனக்கு வந்த அழுகையை முந்தானையில் அடக்கிக்கொண்டேன்.

இவர் சாவிக்கொத்தை, டாங்க் சாவியோடு சேர்த்து, இரண்டு கையாலும் நீட்டினார். ஹேமந்த் வாங்கிக்கொண்டான். முகம் கொடுத்துப் பேசவில்லை, அதற்கு இன்னும் நாளாகும். அவன் ஓட்ட, பிரவீனா முன்னால் உட்கார்ந்தாள். இவர் தன் காரின் பின் சீட்டில் முதல் தடவையாக உட்கார்ந்தார். வல்லம் தாண்டியபோது நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். வண்டி போய்க்கொண்டே இருந்தது.

ஒரகடத்தில் ஹேமந்த் பங்க்குக்குள் திருப்பினான். இறங்கி மூடியைத் திறந்தான். அதே பெண்தான். "சார், ஜீரோ பாத்துக்கோங்க" என்று பழக்கத்தில் பின் சீட்டைப் பார்த்துச் சொன்னாள். இவர் கதவைத் திறக்கவில்லை. திரும்பவும் இல்லை. குனிந்து தன் கை இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவருக்காக நான்தான் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். ஜீரோதான் இருந்தது.